கரும்புக் காட்டுக்குக் கப்பல் ஏற்றிய வாத்தியார்

ஜப்பானுக்குத் தெற்கே கடலில் சிதறிக் கிடக்கும் தீவுக் கூட்டம் ஒகினாவா. அங்குள்ள நாஹா துறைமுகத்தில் இருந்து 1899-ம் ஆண்டு டிசம்பர் 5-ந் தேதி 30 ஆண்கள் கப்பல் ஏறினார்கள். எல்லோரும் ஏழைகள். அவர்கள் போக வேண்டிய இடம் ஹவாய்த் தீவு. ஏழாயிரம் கிலோ மீட்டருக்கு மேல் தூரம்! அதற்கு முன் ஒகினாவாவில் இருந்து கூலி வேலைக்கு என்று யாரும் அங்கே போனது இல்லை.

அவர்களைத் திரட்டி அனுப்பியவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். பெயர் தொயாமா கியூசோ. கடல் கடந்து குடியேறியவர்களின் தந்தை என்று ஒகினாவா மக்கள் இன்றும் இவரைக் கொண்டாடுகிறார்கள்.

இவர் செய்தது நன்மையா? அல்லது ஏழைகளைக் கரும்புத் தோட்டத்தில் கொண்டுபோய்த் தள்ளிய காரியமா? இவருடைய கதையைக் கேட்டால் இரண்டுக்கும் சாட்சி இருக்கிறது.

ராஜா போனார், வறுமை போகவில்லை

தொயாமா 1868-ம் ஆண்டு, கின் என்ற ஊரைச் சேர்ந்த நமிசாதோ கிராமத்தில் பிறந்தார். அப்போது ஒகினாவா தனி ராஜ்யம். ரியூக்யூ என்று பெயர். ராஜா இருந்தார். ஆனால் 1609-ம் ஆண்டிலேயே ஜப்பானின் சத்சுமா பிரபுக்கள் படை எடுத்து வந்து அந்த ராஜ்யத்தை அடக்கி வைத்துவிட்டார்கள். 1879-ல் ஜப்பானிய சர்க்கார் ராஜாவைப் பதவியில் இருந்து இறக்கி டோக்கியோவுக்குக் கொண்டுபோய்விட்டது. ஒகினாவா ஜப்பானின் ஒரு மாகாணம் ஆயிற்று. அப்போது தொயாமாவுக்கு வயது 10.

ராஜா போனார். வரி மட்டும் போகவில்லை. விவசாயிக்குச் சொந்த நிலம் கிடையாது. நிலம் கிராமத்துக்குப் பொது. சில வருடங்களுக்கு ஒரு முறை அதைப் பங்கு போட்டுக் கொடுப்பார்கள். சாப்பாடு பெரும்பாலும் சர்க்கரைவள்ளிக் கிழங்குதான். பாமர ஜனங்கள் வீட்டுக்கு ஓடு போடக்கூடாது என்ற பழைய தடை 1889-ம் ஆண்டு வரை இருந்தது. பெரிய உத்தியோகங்களில் எல்லாம் ஜப்பானில் இருந்து வந்தவர்களே உட்கார்ந்திருந்தார்கள்.

தொயாமா ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் படித்துத் தேறினார். சொந்த ஊர்ப் பக்கத்திலேயே வாத்தியார் வேலை கிடைத்தது. நல்ல வேலை, மரியாதையான வேலை. ஆனால் மேல் அதிகாரிகளோடு அவருக்கு ஒத்துப்போகவில்லை. வேலையை உதறிவிட்டார். பிறகு டோக்கியோ போய்ச் சேர்ந்தார்.

நண்பர் ஜஹானா

அந்தக் காலத்தில் ஒகினாவாவின் கவர்னர் நரஹரா. சத்சுமாக்காரர். 1892 முதல் 1908 வரை 16 வருடம் அந்தப் பதவியில் இருந்தவர். அவரை எதிர்த்துக் கிளம்பியவர் ஜஹானா நொபோரு. குடியானவர் வீட்டில் பிறந்து, டோக்கியோவில் விவசாயப் படிப்புப் படித்துப் பட்டம் பெற்றவர். கவர்னருடைய ஆட்சியில் பொதுக் காட்டு நிலங்கள் செல்வாக்கு உள்ளவர்களின் கைக்குப் போவதைப் பார்த்து மனம் கொதித்தார். 1898-ல் சர்க்கார் வேலையை விட்டார். ஒகினாவா மக்களுக்கு ஓட்டு உரிமை வேண்டும் என்று பாடுபட்டார். ஜப்பானில் 1890-ம் ஆண்டே பார்லிமெண்டுத் தேர்தல் நடந்துவிட்டது. ஒகினாவாவுக்கு மட்டும் ஓட்டு இல்லை!

தொயாமா இந்த ஜஹானாவோடு சேர்ந்துகொண்டார். இயக்கம் வெற்றி பெறவில்லை. கைப்பணம் எல்லாம் கரைந்தது. 1901-ம் ஆண்டு ஜஹானாவுக்குச் சித்தம் கலங்கியது. 1908-ல் இறந்துபோனார்.

தொயாமாவின் மனம் அதற்கு முன்பே வேறு வழியில் போயிருந்தது. டோக்கியோவில் ஒரு பழைய புத்தகக் கடையில், வெளிநாட்டுக் குடியேற்றத்தைப் பற்றிய புத்தகம் ஒன்று அவர் கையில் கிடைத்ததாகச் சொல்வார்கள். நிலம் இல்லை, ஓட்டு இல்லை, ஜனத்தொகை மட்டும் பெருகுகிறது. இங்கே கிடந்து ஏன் வாட வேண்டும்? கடலைத் தாண்டினால் என்ன? அவருடைய எண்ணம் இதுதான்.

கவர்னர் நரஹரா முதலில் மறுத்துவிட்டார். ஒகினாவா ஜனங்களுக்குச் சரியாக ஜப்பானிய மொழி பேச வராது, வெளிநாட்டில் போய் என்ன செய்வார்கள் என்பது அவர் சொன்ன காரணம். தொயாமா விடவில்லை. திரும்பத் திரும்பப் போய் நின்றார். கடைசியில் 1899-ல் அனுமதி கிடைத்தது.

கழுத்தில் நம்பர்

நாஹாவில் கப்பல் ஏறியவர்கள் 30 பேர் அல்லவா? வழியில் வைத்திய சோதனையில் சிலர் கழிக்கப்பட்டார்கள். 1900-ம் ஆண்டு ஜனவரி மாதம் ஹொனலூலுவில் கரை ஏறியவர்கள் 26 பேர். அவர்களை எவா என்ற கரும்புத் தோட்டத்துக்கு அனுப்பினார்கள்.

ஹவாய்த் தோட்டங்களில் கூலிக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் இல்லை. ஒவ்வொருவருக்கும் நம்பர் அடித்த தகடு உண்டு. பொழுது விடியும் முன் சங்கு ஊதும். பத்து மணி நேரம் வெயிலில் வேலை. கரும்புத் தோகை உடம்பைக் கீறும். குதிரை மேல் உட்கார்ந்து மேற்பார்வை பார்ப்பவருக்கு அங்கே லூனா என்று பெயர். நம் ஊரில் இருந்து இலங்கைக்கும் மலேயாவுக்கும் போனவர்களின் வீடுகளில் கங்காணி என்றால் தெரியும். ஏறக்குறைய அதே வேலைதான். ஒரே வித்தியாசம், கங்காணி நம்மவர். லூனா பெரும்பாலும் ஐரோப்பியர்.

ஹவாயை அமெரிக்கா 1898-ல் எடுத்துக்கொண்டது. அதனால் 1900-ம் ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்கச் சட்டம் அங்கே அமலுக்கு வந்தது. கூலி ஒப்பந்தங்கள் செல்லாமல் போயின. தொயாமா அனுப்பிய ஆட்கள் ஆறு மாதத்துக்குள் கட்டு அவிழ்ந்தார்கள். இதை யாரும் திட்டமிடவில்லை. அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும். சம்பாதித்தவர்கள் பணத்தோடு ஊர் திரும்பிய பிறகுதான் மற்றவர்களுக்குத் தொயாமாவின் பேச்சில் நம்பிக்கை வந்தது.

1903-ல் இரண்டாவது கோஷ்டி புறப்பட்டது. இந்தத் தடவை தொயாமா தாமே கூடப் போனார். ஹொனொகா என்ற தோட்டத்தைக் கண்ணால் பார்த்துவிட்டுத் திரும்பினார். அதற்குப் பிறகு கூட்டம் அலை மோதியது. 1906-ம் ஆண்டில் மட்டும் நாலாயிரத்துக்கு மேற்பட்டோர் ஹவாய்க்குப் போனார்கள். குடியேற்றக் கம்பெனிக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கும் ஏஜெண்டாகவும் தொயாமா இருந்தார். இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அப்படிப்பட்ட கம்பெனிகள் ஏழைகளிடம் கட்டணம் வாங்கித்தான் ஆள் அனுப்பின.

ஒரே வயல், இரண்டு சம்பளம்

இவர்கள் போய்ச் சேர்ந்த இடத்தில் ஐரோப்பிய வம்சத்தார் இரண்டு படிகளில் இருந்தார்கள். மேல் படியில் தோட்டத் துரைமார். சர்க்கரை வியாபாரம் முழுவதும் ஐந்து பெரிய கம்பெனிகளின் கையில் இருந்தது. கிறிஸ்தவப் பாதிரிமார்களின் வாரிசுகளும், அமெரிக்க, ஆங்கிலேய, ஜெர்மானிய வியாபாரிகளும் சேர்ந்து வளர்த்த கம்பெனிகள் அவை.

அடுத்த படியில் இருந்தவர்கள் போர்த்துக்கீசியர். இவர்களும் பிழைப்பு தேடி வந்த ஏழைகளே. மடீரா, அசோர்ஸ் என்ற தீவுகளில் இருந்து 1878 முதல் வந்தவர்கள். பத்து வருடத்தில் பத்தாயிரம் பேர் வந்துவிட்டார்கள். ஒகினாவாவும் தீவு, அசோர்சும் தீவு. அங்கும் பசி, இங்கும் பசி. ஆனால் ஹவாயில் இறங்கியதும் இருவருக்கும் கிடைத்தது ஒன்று அல்ல.

போர்த்துக்கீசியர் பெண்டு பிள்ளைகளோடு வந்தார்கள். ஒகினாவாக்காரர்கள் முதலில் தனி ஆண்களாக வந்தார்கள். போர்த்துக்கீசியருக்கு லூனா வேலை கிடைத்தது. ஒகினாவாக்காரருக்குக் கரும்பு வெட்டும் கத்தி கிடைத்தது. 1904-ல் தோட்ட முதலாளிகள் சங்கம் ஒரு தீர்மானம் போட்டது. அமெரிக்கக் குடிமக்களுக்கும், குடிமகன் ஆகத் தகுதி உள்ளவர்களுக்கும்தான் கைத்தேர்ச்சி வேலைகள் என்றது. ஐரோப்பியர் குடிமகன் ஆகலாம். ஜப்பானியர் ஆக முடியாது. சட்டம் அப்படி. ஒகினாவாக்காரர் ஜப்பானியப் பிரஜைகள். ஆகவே அவர்களுக்கும் கதவு மூடப்பட்டது.

சம்பளம்? 1909-ல் வயல் வேலைக்கு ஜப்பானியருக்கு மாதம் 18 டாலர். அதே வேலைக்குப் போர்த்துக்கீசியருக்கு 22 டாலர் 50 செண்டு. வீடும் கொஞ்சம் நிலமும் கூட!

அந்த ஆண்டு மே மாதம் ஒவாஹு தீவில் சுமார் ஏழாயிரம் ஜப்பானியத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். குடும்பத்தோடு லைன் வீடுகளில் இருந்து விரட்டப்பட்டார்கள். தலைவர்கள் சிறைக்குப் போனார்கள். ஆகஸ்டு மாதம் வேலை நிறுத்தம் முடிந்தது. தோற்றுப்போய்விட்டார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் சில மாதத்துக்குள் முதலாளிகள் கூலியை உயர்த்தி, இனத்துக்கு ஒரு சம்பளம் என்ற ஏற்பாட்டையும் எடுத்துவிட்டார்கள்.

தொயாமாவுக்கும் அதே 1909 முக்கியமான ஆண்டு. ஒகினாவாவின் முதல் மாகாண சபைக்கு அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். பதவியில் அதிக நாள் இருக்கவில்லை. 1910-ம் ஆண்டு செப்டம்பரில் காலமானார். வயது 41-தான். பார்லிமெண்டுத் தேர்தலில் ஒகினாவா மக்கள் முதன்முதலாக ஓட்டுப் போட்டது 1912-ல்தான். அதை அவர் பார்க்கவில்லை.

பன்றியும் சீட்டும்

ஒகினாவாக்காரருக்கு இன்னொரு பாரமும் இருந்தது. மற்ற ஜப்பானியரே இவர்களை மட்டமாக நடத்தினார்கள். பேச்சு வேறு. பெண்களின் கையில் பச்சை குத்தி இருக்கும். பன்றி வளர்ப்பார்கள். ஹோட்டலில் மிஞ்சியதை வாங்கிவந்து பன்றிக்குப் போடுகிறவர்கள் என்று தெருப் பிள்ளைகள் கூடக் கேலிப் பாட்டுப் பாடினார்கள்.

அந்தப் பன்றிதான் அவர்களைக் காப்பாற்றியது. தோட்டத்தை விட்டு வெளியேறியவர்கள் பன்றிப் பண்ணை வைத்தார்கள். காய்கறி போட்டார்கள். ஹொனலூலுவில் சாப்பாட்டுக் கடை திறந்தார்கள். முதல் ஏது? பாங்கி கடன் கொடுக்கவில்லை. சீட்டுப் போட்டார்கள்! நம் ஊர்ச் சீட்டு மாதிரியேதான். பத்து இருபது பேர் மாதா மாதம் பணம் கட்டுவார்கள், ஒருவர் எடுத்துக்கொள்வார். ஒகினாவாவில் இதற்கு மொவாய் என்று பெயர். எழுதப் படிக்கத் தெரியாதவரும் சீட்டு எடுத்துக் கடை வைத்தார். ஓர் ஊர்க்காரர் கடை வைத்தால் அவர் ஊர்க்காரர்கள் அவரிடம் வேலை பழகி அடுத்த கடை வைப்பார்கள்.

ஊருக்கும் பணம் அனுப்பினார்கள். 1920-க்குப் பின் சர்க்கரை விலை விழுந்து, ஒகினாவாவில் ஈந்துப் பனையின் விஷத்தைப் போக்கித் தின்கிற அளவுக்குப் பஞ்சம் வந்தது. அப்போது பல வீடுகளில் அடுப்பு எரிந்தது ஹவாய்ப் பணத்தில்தான்.

போர்த்துக்கீசியர் நிலை என்ன? கூடுதல் கூலி தேடி ஏராளமானோர் கலிபோர்னியாவுக்குப் போய்விட்டார்கள். 1907-க்குப் பிறகு வந்த ஸ்பானியரும் அப்படியே. தங்கியவர்கள் லூனா வேலையிலும் கைத்தொழிலிலும் காலம் தள்ளினார்கள். வேடிக்கை என்னவென்றால், 1930 வரை ஜனத்தொகைக் கணக்கில் அவர்களை மற்ற வெள்ளையரோடு சேர்க்காமல் தனியாகவே எழுதினார்கள். துரைமாருக்கு அவர்கள் முழு வெள்ளையர் அல்ல!

லூனா வேலை நிச்சயமான வேலை. ஆனால் அதற்கு மேலே படி இல்லை. ஒகினாவாக்காரருக்குத் தோட்டத்துக்குள் படியே இல்லை. அதனால் வெளியே போனார்கள். பிள்ளைகள் அமெரிக்க மண்ணில் பிறந்ததால் பிறப்பிலேயே குடிமக்கள். அந்தப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இருந்து நிறுத்தாமல் படிக்க வைத்தார்கள். ஜனத்தொகைக் கணக்கில் ஒகினாவாக்காரரையும் ஜப்பானியர் என்றே எழுதுவார்கள். அந்த ஜப்பானிய வம்சத்தார் 1970-க்குள் படிப்பிலும் வருமானத்திலும் போர்த்துக்கீசியரைத் தாண்டி முன் வரிசைக்கு வந்துவிட்டார்கள். பெரிய முதல் மட்டும் இன்னும் பழைய கம்பெனிகளிடமே இருந்தது. இதில் ரத்தத்தின் உயர்வு தாழ்வு எதுவும் இல்லை. 1909-க்கு முன் இருந்த சம்பளப் பட்டியலே அதற்குச் சாட்சி.

முதல் தலைமுறைக்குக் குடி உரிமை கிடைக்க 1952 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தொயாமாவின் 26 பேர் கரை ஏறி 52 வருடம் கழித்து! 2014-ல் ஹவாய் மாநில கவர்னர் தேர்தலில் வென்ற டேவிட் இகே ஒகினாவா வம்சத்தவர். பேச வராது என்று ஒரு கவர்னர் தடுத்த ஜனங்களில் இருந்து ஒரு கவர்னர் வந்தார்.

சிலை

1931-ல் கின் ஊரில் தொயாமாவுக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். உலக யுத்தம் வந்தது. உலோகம் வேண்டும் என்று ராணுவத்துக்காகச் சிலையைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். 1945-ல் ஒகினாவா போர்க்களம் ஆயிற்று. ஜனங்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் மாண்டார்கள். வீடு இல்லை, வயல் இல்லை. தொழுவத்தில் ஒரு பன்றி கூட இல்லாத கிராமங்கள் பல.

இந்தச் செய்தி ஹவாய்க்குப் போயிற்று. பன்றிக்காரர் என்று கேலி பேசப்பட்டவர்கள் வசூலில் இறங்கினார்கள். அமெரிக்காவில் 550 பன்றிகளை விலைக்கு வாங்கினார்கள். 1948-ம் ஆண்டு ஹவாய்வாசிகள் ஏழு பேர் அவற்றோடு கப்பலில் ஏறினார்கள். புயலில் அடிபட்டு, செப்டம்பர் மாதக் கடைசியில் ஒகினாவாவில் இறக்கினார்கள். அந்தப் பன்றிகளைக் கிராமம் கிராமமாகப் பிரித்துக் கொடுத்தார்கள். குட்டி போட்டால் அடுத்த வீட்டுக்குக் கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடு. சில வருடத்தில் தொழுவங்கள் நிறைந்தன.

1961-ல் கின் ஊர்க்காரர்கள் தொயாமாவின் சிலையைப் புதிதாகச் செய்து பழைய இடத்தில் நிறுத்தினார்கள்.