தாடித் தாத்தா டார்வின்



அறிவியல் புத்தகத்தில் டார்வின் படத்தைப் பார்த்திருப்பீங்க. வெள்ளைத் தாடி, கறுப்புக் கோட்டு, சிரிப்பே இல்லாத முகம். வீட்டில் பிள்ளைகளை நடுங்க வைத்திருப்பார் என்றுதான் நானும் நினைத்தேன். அவர் வாழ்க்கை வரலாற்றைப் படித்த பிறகு அந்த எண்ணம் அடியோடு மாறிப்போச்சு.

சார்லஸ் டார்வின் 1809 பிப்ரவரி 12-ல் இங்கிலாந்தில் ஷ்ரூஸ்பரி என்ற ஊரில் பிறந்தார். 1831 முதல் 1836 வரை பீகிள் கப்பலில் உலகைச் சுற்றினார். அதெல்லாம் பாடத்திலேயே இருக்கு. நான் சொல்ல வந்தது அவர் வீட்டுக் கதை.

கல்யாணம் செய்யலாமா வேண்டாமா என்று தாளில் காரணங்களை எழுதிப் பார்த்தவர் அவர்! கடைசியில் 1839-ல் தாய்மாமன் மகள் எம்மாவைக் கட்டிக்கிட்டார். (நம்ம ஊர் முறைதான்!) 1842-ல் கென்ட் பகுதியில் டவுன் என்ற கிராமத்துக்குக் குடிபோனார்கள். மொத்தம் 10 பிள்ளைகள்.

அந்த வீட்டு மாடிப்படியில் சாய்த்து வைக்க ஒரு மரப்பலகை இருந்தது. பிள்ளைகள் அதில் சறுக்கி விளையாடுவாங்க. அப்பா எழுதிக்கிட்டு இருக்கும்போதே கத்தரிக்கோல் வேணும், நூல் வேணும் என்று அறைக்குள் புகுந்துடுவாங்க. நாலு வயசு மகன் ஒருத்தன், வேலையை விட்டுட்டு விளையாட வந்தால் ஆறு பென்னி தருவதாகச் சொன்னானாம். அப்பாவுக்கே லஞ்சம்! 'உயிரினங்களின் தோற்றம்' நூலுக்காக அவர் எழுதிய தாள்களின் பின்பக்கம் பிள்ளைகள் படம் வரைந்திருக்காங்க. கரண்ட் பில்லில் படம் வரைந்ததற்கே நான் அடி வாங்கியிருக்கேன்.

ராத்திரியில் அவரும் எம்மாவும் பேக்கேமன் ஆடுவார்கள். தாயம் மாதிரி உருட்டி ஆடுறது. 1876-ல் கணக்குப் பார்த்தபோது அவர் ஜெயித்தது 2,795, எம்மா 2,490!

ஆனால் அந்த வீட்டில் அழுகையும் இருந்தது. மூன்று பிள்ளைகள் சின்ன வயசிலேயே போய்விட்டார்கள். செல்ல மகள் ஆனி 1851 ஏப்ரலில் மால்வெர்ன் என்ற ஊரில் சிகிச்சையின்போது இறந்தாள். வயசு 10. எம்மா நிறைமாதமாக வீட்டில் இருந்ததால் அவர்தான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கிட்டார்.

சொந்தத்தில் கட்டியதால்தான் பிள்ளைகளுக்கு நோய் வருதோ என்று அவர் ரொம்பப் பயந்தார். 1871 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அதைப் பற்றி ஒரு கேள்வி சேர்க்கச் சொன்னார், பார்லிமென்ட் ஒத்துக்கலை. எங்க அம்மாவும் அப்பாவும் சொந்தம்தான். அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் தூக்கமே வரலை.

1876-ல் மருமகள் பிரசவத்தில் இறந்துபோக, மகன் பிரான்சிஸ் கைக்குழந்தையோடு அங்கேயே வந்துவிட்டார். பேரன் வந்ததும் வீடு மறுபடி கலகலப்பாச்சு. மண்புழுவுக்குக் காது கேட்குமா என்று தாத்தா சோதித்தபோது பேரன் விசில் ஊதினான், பிரான்சிஸ் பசூன் என்ற பெரிய குழலை ஊதினார், எம்மா பியானோ வாசித்தார். புழு அசையவே இல்லை! தொட்டியைப் பியானோ மேலேயே வைத்து வாசித்ததும், அதிர்வு தெரிந்து வளைக்குள் ஓடிடுச்சு. 1881-ல் அது புத்தகமாகவே வந்தது.

1882 ஏப்ரல் 19-ல் டார்வின் அந்த வீட்டிலேயே இறந்தார். அவர் ஆசைப்பட்டது டவுன் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் இடம். அவருடைய இரண்டு குழந்தைகள் அங்கேதான் இருந்தார்கள். ஆனால் லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில், நியூட்டன் கல்லறைக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். பெரிய பெரிய ஆட்களெல்லாம் போனார்கள். எம்மா போகலை. வீட்டிலேயே இருந்துவிட்டார்.