சுங்கத்தை நீக்கிய நவாபு

வங்காளம் பட்டுக்கும் பருத்தித் துணிக்கும் உலகப் புகழ் பெற்ற நாடு. அங்கு ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி வணிகம் செய்து வந்தது. ஆண்டுக்கு 3000 ரூபாய் செலுத்திச் சுங்கமின்றி வணிகம் செய்யும் உரிமையை, 1717-ஆம் ஆண்டு முகலாயப் பேரரசர் பரூக்சியர் அதற்கு வழங்கினார். இவ்வுரிமை கம்பெனிக்கு மட்டுமே உரியது. ஆயினும் கம்பெனி ஊழியர்கள், தஸ்தக் என்னும் அனுமதிச் சீட்டைக் காட்டித் தம் சொந்தச் சரக்குகளையும் சுங்கமின்றிக் கொண்டு சென்றனர்.

1757-ஆம் ஆண்டு பிளாசிப் போரில் வென்றபின், நவாபுகளை அமர்த்தவும் நீக்கவும் வல்லதாகக் கம்பெனி வளர்ந்தது. 1760-இல் நவாபு மீர் ஜாபரை விலக்கி, அவருடைய மருமகன் மீர் காசிமை அரியணையில் அமர்த்தியது. அதற்கு ஈடாகப் பர்த்வான், மிதுனாப்பூர், சிட்டகாங் ஆகிய பகுதிகளைப் பெற்றது.

மீர் காசிம் பெயரளவில் ஆள விரும்பவில்லை. தலைநகரை முர்ஷிதாபாத்திலிருந்து, கல்கத்தாவிற்குத் தொலைவிலிருந்த முங்கேருக்கு மாற்றினார். அங்குத் துப்பாக்கித் தொழிற்சாலை நிறுவினார். படைவீரர்களுக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி அளித்தார்.

சுங்கம் செலுத்திய உள்நாட்டு வணிகர்கள், செலுத்தாத ஆங்கிலேயருடன் போட்டியிட இயலாது நலிந்தனர். அரசின் வருவாயும் குறைந்தது. நவாபு முறையிட்டார். ஆங்கிலேயர் தம் சொந்த வணிகத்திற்கு 9 விழுக்காடு சுங்கம் செலுத்துவதென ஆளுநர் வான்சிட்டார்ட் அவருடன் உடன்பாடு செய்தார். கல்கத்தா ஆட்சிக்குழு அதனை ஏற்கவில்லை.

1763-ஆம் ஆண்டு மீர் காசிம் அரிய முடிவொன்றை எடுத்தார். அனைவருக்கும் உள்நாட்டுச் சுங்கத்தையே நீக்கினார். கருவூலம் இழப்புற்றாலும், தம் குடிமக்களான வணிகர்கள் ஆங்கிலேயருக்கு நிகராக நிற்க வேண்டும் என்று கருதினார். அந்தச் சமநிலையைக் கம்பெனியார் பொறுக்கவில்லை. போர் மூண்டது. மீர் காசிம் அடுத்தடுத்துத் தோல்வியுற்றார். சினம் மேலிட்டு, பாட்னாவில் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயரைக் கொல்லச் செய்தார். அச்செயல் அவர் வாழ்வில் நீங்காக் கறையாயிற்று.

பின்னர் அவர், அவத் நவாபு ஷுஜா உத் தௌலா, பேரரசர் இரண்டாம் ஷா ஆலம் ஆகியோரின் துணையை நாடினார். 1764-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் நாள் பக்ஸாரில் நடைபெற்ற போரில் கம்பெனியே வென்றது. மறு ஆண்டு, வங்காளம், பீகார், ஒரிசாவில் வரி வசூலிக்கும் திவானி உரிமையைப் பேரரசர் கம்பெனிக்கு அளித்தார். சுங்கம் செலுத்த மறுத்த கம்பெனி, வரி தண்டும் அரசாயிற்று.

நாடிழந்த மீர் காசிம் பல இடங்களில் அலைந்து, 1777-ஆம் ஆண்டு டெல்லிக்கு அருகில் வறுமையில் மறைந்தார். ஒரு சாராருக்கு மட்டும் அளிக்கப்படும் சலுகை, காலப்போக்கில் நாட்டின் உரிமையையே பறித்துவிடும் என்பதை அவர் வாழ்வு உணர்த்துகிறது.

அருஞ்சொற்பொருள்
சுங்கம் – வணிகப் பொருள்மீது விதிக்கும் வரி
தண்டுதல் – வசூலித்தல்
கருவூலம் – அரசின் பொருள் வைப்பிடம்

வினாக்கள்
1. கம்பெனி ஊழியர்கள் தஸ்தக்கை எவ்வாறு தவறாகப் பயன்படுத்தினர்?
2. மீர் காசிம் சுங்கத்தை அனைவருக்கும் நீக்கியது ஏன்?