சத்திரத்தில் நோயாளிகளைக் காத்த சரபோஜி மன்னர்

நோய் தீர மருத்துவரும் மருந்தும் மட்டும் போதுமா? போதாது என்கிறார் வள்ளுவர். நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்தில் இருந்து கவனித்துக் கொள்பவர் ஆகிய நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என்று திருக்குறளில் சொல்லி இருக்கிறார்.

அந்த நாலாவது ஆளைத்தான் பலரும் மறந்து விடுவார்கள். மறக்காத மன்னர் ஒருவர் தஞ்சாவூரில் இருந்தார். அவர்தான் இரண்டாம் சரபோஜி.

இருட்டறையில் இளவரசர்

சரபோஜி 1777-ல் பிறந்தார். தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் துளஜா அவரைத் தத்து எடுத்துக் கொண்டார். 1787-ல் துளஜா காலமானார். அரியணை ஏறிய அமர்சிங், சிறுவன் சரபோஜியை வெளிச்சம் புகாத இடத்தில் அடைத்து வைத்தார். பாதிரியார் சுவார்ட்ஸ்தான் தலையிட்டுக் காப்பாற்றினார். பிறகு இளவரசர் சென்னைக்கு அனுப்பப்பட்டார். அங்கே ஆங்கிலமும் விஞ்ஞானமும் கற்றார்.

காற்றும் வெளிச்சமும் இல்லாமல் வாடிய பிள்ளைக்குப் படுத்துக் கிடப்பவரின் வேதனை புரியாமல் போகுமா?

1798-ல் முடி சூடினார். மறு ஆண்டே கும்பெனியார் ஓர் உடன்படிக்கை செய்து கொண்டார்கள். காவிரி பாயும் நெல் வயல்களின் ஆட்சி அவர்கள் கைக்குப் போயிற்று. மன்னருக்கு மிஞ்சியது கோட்டையும் அதன் சுற்றுப்புறமும்தான்.

நள்ளிரவில் மணி ஓசை

நாடு போனதை விட வேறொரு கவலை மன்னரை வாட்டியது. ராமேசுவரம் போகும் சாலையில் அவருடைய முன்னோர் கட்டிய சத்திரங்கள் இருந்தன. அவற்றுக்கு மானிய நிலங்களும் இருந்தன. அவையும் பறிபோனால் வழிப்போக்கர்களின் கதி என்ன?

1801-ல் கும்பெனியின் ரெசிடெண்டு டோரினுக்குக் கடிதம் எழுதினார். சத்திரங்களில் நடக்கும் தருமத்தை அதில் விவரமாகச் சொன்னார்.

பக்கிரியானாலும் ஆண்டியானாலும், எந்தச் சாதியானாலும் சோறு உண்டு. நள்ளிரவில் மணி அடிப்பார்கள். இன்னும் சாப்பிடாதவர் யாராவது இருந்தால் வரலாம் என்று கூவி அழைப்பார்கள்.

வழியில் நோயுற்று மேலே நடக்க முடியாதவர் அங்கேயே தங்கலாம். வைத்தியர் பார்ப்பார். மருந்தும் பத்தியச் சாப்பாடும் கிடைக்கும். குணமாகும் வரை அன்போடும் மரியாதையோடும் கவனிப்பார்கள். கர்ப்பிணிகளுக்குத் தனிக் கவனிப்பு. சத்திரத்திலேயே குழந்தை பிறந்தால், தாய் மூன்று மாதம் இருந்து விட்டுப் போகலாம். தாய் வீட்டில் கூட இந்தக் கவனிப்பு எல்லோருக்கும் கிடைக்காது! அநாதைக் குழந்தைகளுக்கு மூன்று வேளை சாப்பாடு. நான்கு நாளைக்கு ஒரு முறை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவார்கள்.

இந்தத் தருமத்துக்குக் குறை வரக் கூடாது என்பதே மன்னரின் வேண்டுகோள். தம் அன்புக்குரிய முக்தாம்பாள் இறந்த பிறகு, அவர் பெயரால் ஒரத்தநாட்டில் தாமே ஒரு சத்திரமும் கட்டினார்.

நர்சுகளுக்குப் பாடம் வகுத்த புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் அந்தக் கடிதம் எழுதிய போது பிறக்கவே இல்லை. அவர் பிறந்தது 1820-ல். நல்ல காற்று, வெளிச்சம், சுத்தம், ஏற்ற ஆகாரம், அமைதி இவற்றைக் கொடுத்தால் உடம்பு தானே தேறும்; நோயாளியை உற்றுக் கவனிப்பதே நர்சின் முதல் வேலை. 1859-ல் வெளிவந்த அவருடைய நூலின் சாரம் இதுதான். இன்றும் நர்சுப் படிப்பில் இதைக் கற்பிக்கிறார்கள்.

கண்ணை வரைந்த ஓவியர்

உற்றுக் கவனிப்பதிலும் சரபோஜி சளைத்தவர் அல்ல. அவருடைய தன்வந்திரி மகாலில் சித்தம், ஆயுர்வேதம், யுனானி, ஆங்கில வைத்தியம் எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்தார்கள். பலன் கண்ட மருந்து முறைகள் தமிழ்ப் பாட்டாக எழுதப்பட்டன. அவையே சரபேந்திர வைத்திய முறைகள்.

கண் நோயாளிகளுக்குத் தனிக் குறிப்பேடு. என்ன நோய், என்ன சிகிச்சை, எப்படித் தேறினார் என்று ஒவ்வொருவருக்கும் எழுதி வைத்தார்கள். போட்டோ இல்லாத காலம் அல்லவா? ஓவியர்கள் கண்ணைப் பார்த்து வண்ணத்தில் அப்படியே வரைந்தார்கள்.

1832-ல் மன்னர் காலமானார். 1855-ல் அவர் மகன் சிவாஜியும் ஆண் வாரிசு இல்லாமல் மறைந்தார். அரசும் போயிற்று. ஆனால் கண் நோயாளிகளின் அந்தத் தாள்கள் தஞ்சை சரசுவதி மகாலில் பத்திரமாக இருக்கின்றன. ஏறக்குறைய இருநூறு ஆண்டுக்கு முன் வலியோடு வந்தவர்களின் கண்கள் அவற்றில் இருந்து நம்மைப் பார்க்கின்றன.