ஓயாத துடுப்பு
எர்னஸ்ட் ஹெமிங்வே 1899-இல் அமெரிக்காவின் ஓக் பார்க்கில் பிறந்தார். முதல் உலகப் போரில் ஆம்புலன்ஸ் ஓட்டச் சென்று, பதினெட்டு வயதிலேயே படுகாயமுற்றார். எழுத்தால் புகழ்பெற்ற அவரை, 1950-இல் வெளிவந்த நாவலுக்குப்பின் விமர்சகர் பலர் ஓய்ந்தவராகவே எண்ணினர்.

அவர் ஓயவில்லை. கியூபாவில் 'கிழவனும் கடலும்' எழுதினார். 84 நாள்கள் மீனே கிடைக்காத முதியவர் சந்தியாகோ 85-ஆம் நாளும் கடலுக்குப் போகிறார். பிடித்த பெருமீனைச் சுறாக்களிடம் இழந்து, எலும்புக்கூட்டோடு கரை சேர்கிறார். 1952-இல் வெளிவந்த அக்கதை மறு ஆண்டே புலிட்சர் பரிசு பெற்றது; 1954-இல் ஹெமிங்வேக்கு நோபல் பரிசும் கிட்டியது. அவ்வாண்டுத் தொடக்கத்தில் நேர்ந்த இரு விமான விபத்துகளின் காயங்களால் விழாவுக்கு அவரால் செல்ல இயலவில்லை.

நோயும் மனச்சோர்வும் வாட்ட, 1961-இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். ஆயினும், வெறுங்கையோடு திரும்பிய மறுநாளும் படகைத் தள்ளும் துணிவை அவர் எழுத்து நமக்கு ஊட்டிக்கொண்டே இருக்கிறது.