ஏடு மீட்ட சாமிநாதையர்

வீழ்ந்த விமானத்தின் பதிவுக் கருவியைத் தேடியெடுத்து, சிதைந்த பதிவையும் படித்தறிவோரை இன்று யாம் வியக்கின்றோம். 1985-இல் அட்லாண்டிக் கடலில் வீழ்ந்த கனிஷ்க விமானத்தின் கருவிகள் ஆழ்கடலினின்றே எடுக்கப்பட்டன. அவற்றினும் மிகப் பழைய பதிவுகளைச் செல்லரித்த பனையோலையினின்று மீட்டவர் மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள்.

1855-இல் உத்தமதானபுரத்திற் பிறந்து, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் பயின்று, 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராயினார். அவ்வாண்டே சேலம் இராமசாமி முதலியாரவர்களின் தூண்டுதலால் சிந்தாமணி ஆராய்ச்சியிற் புகுந்தார். சமண சமயப் பொருள்களில் அவருக்கு உதவிய சமண அறிஞருள் திண்டிவனத்தை அடுத்த வீடூர் அப்பாசாமி நயினாரும் ஒருவர்.

ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளியில்லை. எகர ஒகரங்களிற் குறில் நெடில் வேறுபாடில்லை. ஓலை முறிந்தவிடத்துச் சொல்லே இல்லை. பல பிரதிகளை ஒப்புநோக்கியும், பழைய உரைகளிலுள்ள மேற்கோள்களைத் துணைக்கொண்டுமே பாடம் துணியவேண்டியிருந்தது. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலேடுகளோ, ஐயரவர்கள் தேடிச் செல்லுமுன்னரே ஓமத் தீயில் இடப்பட்டுவிட்டன. அவற்றுள் என்னென்ன நூல்கள் இருந்தனவோ!

1889-இல் பத்துப்பாட்டு அச்சேறியது. அதனுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படை 269 அடிகளில் ஓய்மானாட்டு நல்லியக்கோடனைப் பாடி, எயிற்பட்டினம், வேலூர், ஆமூர், கிடங்கில் என்னும் ஊர்களையும் காட்டுகின்றது. திண்டிவனத்தோடு சேர்ந்துவிட்ட கிடங்கலே அக்கிடங்கில் என்பர். விழுப்புரத்தில் இரயிலேறிச் சென்னை செல்லும் நம் மாணவர் அப்பழம்பதியின் அருகாகவே செல்கின்றனர். பெயர் அறிந்தோர் சிலரே.

போர்க்காலத்திற் சென்னையை நீங்கித் திருக்கழுக்குன்றத்தில் தங்கிய ஐயரவர்கள், 1942 ஏப்ரல் 28-இல் ஆங்கே காலமாயினார்.