பொம்மைக்குள் ஓர் உயிர்: கிரீர் லாங்க்டனின் கதை

நவராத்திரிக்கு ஒத்தக்கடையில ஒரு வீட்டுக்குக் கொலு பார்க்கப் போறோம். அங்க ஒரு பையன் செட்டியார் பொம்மையைக் கையில எடுத்தா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அதே பையன் ஒரு பொம்மைக்குச் சேலை கட்டி, தலை வாரி, பொட்டு வெச்சா? வீடே பதறிடும்.

கிரீர் லாங்க்டன் அப்படிப்பட்ட பிள்ளைதான். 1958-ல் அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரில் பிறந்தார். அப்பா தேவாலயப் போதகர். ஆண் பிள்ளையாக வளர்க்கப்பட்டவர், பூக்களையும் பஞ்சு சுற்றிய கம்பியையும் வைத்து பொம்மை செய்வார். அந்த விளையாட்டுதான் கடைசிவரை அவருக்குத் தொழில்.

சிகாகோவிலும் நியூயார்க்கிலும் கலை படித்தார். 21 வயதில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு பெண்ணாக வாழத் தொடங்கினார். 1980-களில் நியூயார்க்கின் ஈஸ்ட் வில்லேஜ் பகுதியில் வாடகை குறைவு. பெரிய கேலரிகள் சேர்த்துக்கொள்ளாத கலைஞர்கள், சின்னச் சின்னக் கடைகளையே கேலரியாக்கினார்கள். கிரீருக்கும் அங்கேதான் இடம் கிடைத்தது. கணவர் பால் மன்றோ நடத்திய ஐன்ஸ்டீன்ஸ் கடையின் ஜன்னலில் அவரது பொம்மைகள் நின்றன.

கம்பிதான் எலும்பு. துணிதான் சதை. மேலே பெயின்ட். சில பொம்மைகள் ஆள் உயரம். திருநங்கை நடிகை கேண்டி டார்லிங்கையும் பொம்மையாக்கினார். ஆனா அழகு பொம்மைகள்னு நினைச்சுடாதீங்க. விலா எலும்பு தெரியும் ஒல்லி உடல்கள், பெருத்த உடல்கள், ஆணா பெண்ணா என்று ஊர் கேட்கும் உடல்கள். முடித்துவிட்ட பொம்மையையும் பிரித்துத் திரும்பத் தைப்பார். சிஸ்ஸி என்ற பொம்மையை 1979-ல் தொடங்கி, தான் சாகும்வரை மாற்றிக்கொண்டே இருந்தார். தன் உடம்போடு நடத்திய வழக்கைத்தான் அந்தத் துணியிலும் நடத்தினார்.

அந்த வழக்கு லேசானதல்ல. சாப்பாட்டை வெறுக்கும் நோயும் போதைப் பழக்கமும் அவரை உருக்கின. 1995-ல் வெனிஸ், விட்னி என இரண்டு பெரிய கண்காட்சிகளில் இடம் கிடைத்தது. 1996-ல் பிட்ஸ்பர்க்கின் மேட்ரஸ் ஃபேக்டரி அருங்காட்சியகத்தில், தான் வாழ்ந்த வீட்டையே பொம்மைகளோடும் மருந்துப் புட்டிகளோடும் ஓர் அறையாக அமைத்தார். அது திறந்து சில வாரங்களில், நவம்பர் 18 அன்று, அளவு மீறிய போதை மருந்தால் இறந்தார். வயது 38.

அந்த அறை இப்போது அங்கே நிரந்தரக் காட்சி. அடுத்த கொலுவுக்கு உங்க வீட்டுப் பையன் பொம்மைக்குச் சேலை கட்டினா, பிடுங்காதீங்க. மடிப்பு எடுக்கச் சொல்லிக் கொடுங்க.