வெள்ளை அணு முதல் குடல் பாக்டீரியா வரை: தயிரை நம்பிய நோபல் விஞ்ஞானி மெச்னிகோவ்

ஆரோக்கியமான ஒருத்தரின் மலத்தில் இருக்கும் பாக்டீரியாக்களை எடுத்து, நோயாளியின் குடலுக்குள் செலுத்துகிறார்கள். கேட்டாலே முகம் சுளிக்கத் தோணும். ஆனால் இது நிஜ சிகிச்சை. பெயர் மல நுண்ணுயிர் மாற்று. குடலில் இருக்கும் கெட்ட கிருமியை அடக்க நல்ல கிருமியை அனுப்பலாம் என்று நூறு வருஷத்துக்கு முன்பே உலகத்தைப் பேச வைத்தவர் இலியா மெச்னிகோவ்.

யார் இவர்?

1845-ல் ரஷ்யப் பேரரசில், இன்றைய உக்ரைனின் கார்கிவ் பகுதியில் பிறந்தவர். நாலு வருஷ பல்கலைக்கழகப் படிப்பை இரண்டே வருஷத்தில் முடித்தார். ஒடேசாவில் பேராசிரியர் ஆனார்.

சொந்த வாழ்க்கையில் பெரிய அடி. 1869-ல் அவர் மணந்த லுட்மிலாவுக்கு காசநோய். நடக்கத் தெம்பில்லாத மணப்பெண்ணை நாற்காலியில் வைத்துத்தான் தேவாலயத்துக்குத் தூக்கி வந்தார்கள். 1873-ல் அவர் இறந்தபோது, மெச்னிகோவ் தன் உயிரையும் விடத் துணிந்தார். நல்லவேளை, பிழைத்தார்.

முள்ளில் கிடைத்த விடை

1882, இத்தாலியின் மெசினா நகரம். வீட்டில் எல்லோரும் சர்க்கஸ் பார்க்கப் போய்விட்டார்கள். மெச்னிகோவ் மட்டும் மைக்ராஸ்கோப் முன்னால். கண்ணாடி மாதிரி இருக்கும் நட்சத்திர மீன் லார்வாவுக்குள் சில செல்கள் நகர்வதைப் பார்த்தவருக்கு ஒரு சந்தேகம்: வெளியாள் நுழைந்தால் இவை என்ன செய்யும்? ரோஜா முள்ளை உள்ளே குத்தி வைத்தார். மறுநாள் காலை, முள்ளைச் சுற்றி அந்தச் செல்கள் மொய்த்துக் கிடந்தன.

நம் ரத்தத்திலும் இப்படிக் கிருமிகளை விழுங்கும் வெள்ளை அணுக்கள் உண்டு என்று வாதாடினார். 1908-ல் பால் எர்லிக்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

தயிர் எங்கே வந்தது?

1888-ல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்துக்கு மாறியவர், பிறகு முதுமையை ஆராய ஆரம்பித்தார். பெருங்குடல் கிருமிகள் உண்டாக்கும் நஞ்சுதான் சீக்கிரம் கிழடாக்குகிறது என்பது அவர் கணிப்பு. பல்கேரிய கிராமத்து மக்கள் புளித்த பாலைக் குடித்து நீண்ட நாள் வாழ்வதாகச் சொன்ன தகவல் அவரைக் கவர்ந்தது. தானும் தினமும் குடித்தார். ஐரோப்பாவே தயிர் பின்னால் ஓடியது.

எல்லாம் சரியாகச் சொன்னாரா? இல்லை. பெருங்குடலே தேவையில்லாத உறுப்பு என்றுகூட நினைத்தார். அங்கே வாழும் பாக்டீரியாக்களில் பெரும்பகுதி நமக்குக் காவல் என்பது பின்னால்தான் புரிந்தது. அவர் 1916-ல், 71 வயதில் பாரிஸில் காலமானார்.

இன்று ஏன் பேசணும்?

ரத்தப் புற்றுநோய்க்கு ஸ்டெம் செல் மாற்று செய்யும்போது, கடுமையான கீமோதெரபி வெள்ளை அணுக்களை அழிக்கிறது. தொற்றைத் தடுக்கக் கொடுக்கும் ஆன்டிபயாடிக், குடலின் நல்ல பாக்டீரியாக்களையும் கொல்கிறது. மெச்னிகோவ் ஆராய்ந்த இரண்டு காவலும் ஒரே சமயத்தில் காலி! காலியான இடத்தில் மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகி, ரத்தத்துக்குள் நுழைந்தால் உயிருக்கே ஆபத்து.

ஆன்டிபயாடிக்கால் தோற்கடிக்க முடியாததை இடத்தைப் பிடித்துத் தோற்கடிக்கலாமா? அமெரிக்காவின் டென்வரில் 1958-ல் கடும் குடல் அழற்சி வந்த 4 பேருக்கு டாக்டர்கள் மல நுண்ணுயிர் மாற்று செய்தார்கள். 2013-ல் நெதர்லாந்து ஆய்வு, திரும்பத் திரும்ப வரும் 'சி.டிஃப்' குடல் தொற்றுக்கு இது ஆன்டிபயாடிக்கைவிட நன்றாக வேலை செய்வதைக் காட்டியது. 2017-ல் போலந்தின் வார்சா டாக்டர்கள், ரத்த நோயாளிகள் 20 பேருக்கு, மருந்துக்கு அடங்காத கிருமிகளை எதிர்த்து இதைச் செய்தார்கள். பலரின் குடலிலிருந்து அந்தக் கிருமிகள் காணாமல் போயின.

ஆனால் 2019-ல் அமெரிக்காவிலிருந்து கெட்ட செய்தி. கொடையாளரின் மலத்திலேயே மருந்துக்கு அடங்காத ஈ.கோலை இருந்தது. அது இரண்டு நோயாளிகளைத் தாக்கியது, ஒருவர் இறந்தார். அதன் பிறகு கொடையாளர் பரிசோதனை கடுமையானது. ஸ்டெம் செல் நோயாளிகளைப் பொறுத்தவரை இது இன்னும் ஆய்வு நிலையில்தான் இருக்கிறது.

உள்ளே அனுப்புவது காவலாளியா, திருடனா என்று பார்த்து அனுப்பணும். மெச்னிகோவின் யோசனைக்கு இந்தக் காலம் சேர்த்த திருத்தம் இதுதான்.